கல்லைத் தேடினால் கல்வி வருகிறது

கேள்வி: விஎஸ் கோட் எடிட்டரில் என் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'கல்' என்ற சொல் மட்டும் வேண்டும். சும்மா தேடினால் கல்வி, கல்லூரி, பகல் எல்லாம் வருகின்றன. ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைக் குறிகளால் சொல்லித் தேடும் முறை) இரண்டு பக்கமும் பேக்ஸ்லாஷும் சின்ன 'பி'யும் போட்டால் முழுச்சொல் கிடைக்கும் என்றார்கள். போட்டேன், ஒன்றுமே சிக்கவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் போட்டது சரிதான். அந்த 'பி' தேடுவது ஒரு பக்கம் சொல்லெழுத்து, மறுபக்கம் அதல்லாத ஒன்று இருக்கும் இடுக்கை, அதாவது சொல்லின் எல்லையை. ஃபைலுக்குள் தேடும்போது விஎஸ் கோட் ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸைப் பயன்படுத்துகிறது. அதற்குச் சொல்லெழுத்து என்றால் ஆங்கில எழுத்து 26, 0 முதல் 9, அண்டர்ஸ்கோர், அவ்வளவே. தமிழுக்கு அங்கே இடமே இல்லை. அதனால் 'கல்'லின் இரு பக்கமும் எல்லை கிடைப்பதில்லை.

பைத்தான் நிரல்மொழியில் ரெஜெக்ஸுக்கான 'ரீ' மாட்யூல் இதைவிட ஆபத்து. கணினிக்குக் 'கல்' என்பது க, ல, புள்ளி என மூன்று குறிகள். க, ல இரண்டையும் எழுத்தாக ஏற்கும் பைத்தான், புள்ளியை ஏற்பதில்லை. தனியாக நிற்கும் 'கல்'லில் புள்ளியும் வெளியாள், அடுத்த இடைவெளியும் வெளியாள். எல்லை இல்லை, விட்டுவிடும். 'கல்வி'யில் புள்ளிக்குப் பின் வ வருகிறது. அங்கே எல்லை கண்டு பிடித்துக்கொள்ளும். வேண்டியதை விட்டு வேண்டாததைத் தருகிறது! பார்க்காமல் ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால் பிரதியே பாழ். எழுத்துக்குறித் தரமான யூனிகோடின், ரெஜெக்ஸ் பற்றிய யூடிஎஸ் 18 அறிக்கை இத்தகைய குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளச் சொல்கிறது. எல்லா நிரல்மொழிகளும் அதைப் பின்பற்ற வேண்டும் என்பதே என் ஆசை.

தேடல் பெட்டியிலேயே இருக்கும் முழுச்சொல் பொத்தானை அழுத்துங்கள். அது தமிழுக்கும் வேலை செய்யும். ரெஜெக்ஸ்தான் வேண்டுமென்றால் எல்லையை நீங்களே சொல்லுங்கள்:

(?<![ஃ-௯])கல்(?![ஃ-௯])

முன்னும் பின்னும் தமிழ்க் குறி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று பொருள். ஆய்தம் முதல் தமிழ் எண் ஒன்பது வரையான வரிசைக்குள் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்கிவிடும். இது பைத்தானிலும் செல்லும். விம் எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு \<கல்\> போதும்.

வேற்றுமை உருபை மறக்காதீர்கள். மேலே உள்ளது கல்லை, கல்லில் இரண்டையும் தவறவிடும். அவையும் வேண்டுமானால் கல் என்பதை அடுத்து (லை|லில்|லால்|லுக்கு)? சேருங்கள். கற்கள் இதில் அகப்படாது. அதைத் தனியாகத் தேடுங்கள்.