இரண்டு தட்டும் சமமாக இருந்தால்தான் தராசு ஆடும்

"என் நாயகிக்கு ஒரு கஷ்டமான முடிவைக் கொடுத்தேன். ஆனால் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று கதையைப் படித்தவர்கள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். எங்கே தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. ஒரு அக்கா, தம்பி கதை எழுதினேன். இருவருக்கும் ஒரே அலுவலகம். தம்பி பொய் ரசீது போட்டுப் பணம் எடுத்ததைக் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா கண்டுபிடிக்கிறாள். சொல்வதா, மறைப்பதா? பெரிய இக்கட்டு என்று நினைத்துக்கொண்டேன். படித்த நண்பர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட வேண்டியதுதானே!" என்றார். தம்பியைச் சூதாடி, பொய்யன் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஒரு தட்டை நானே விரலால் அழுத்திக்கொண்டு, தராசு ஆடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருப்பி எழுதினேன். எடுத்த பணம் அக்காவின் அறுவை சிகிச்சைக்குப் போயிருக்கிறது. அது அவளுக்கு அன்றுவரை தெரியாது. பழியோ ஒரு காசாளர் மேல் விழுந்திருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் தம்பி போவான், மூடினால் காசாளர் போவார். இந்த முறை நண்பர் பதில் சொல்லவில்லை. "அந்தக் காசாளர் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டார். சரி, கதை வேலை செய்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

தர்மசங்கடம் என்ற சொல்லை நாம் இப்போது ஏதோ கூச்சம், சங்கோஜம் என்கிற அளவுக்குச் சுருக்கிவிட்டோம். சொல்லுக்குள்ளேயே தர்மம் இருக்கிறது பாருங்கள். தர்மத்துக்கும் ஆசைக்கும் நடக்கும் சண்டையில் யார் ஜெயிக்க வேண்டும் என்று வாசகருக்குத் தெரியும். ஒரு தர்மம் இன்னொரு தர்மத்தோடு மோதினால்தான் அவரும் சேர்ந்து தவிப்பார்.

அதற்காக வெறும் புதிரைக் கொண்டுவந்து வைத்தாலும் ஆகாது. கட்டுப்பாடு இழந்த டிராம் வண்டி ஐந்து பேர் மேல் ஏறட்டுமா, தடம் மாற்றி ஒருவர் மேல் ஏறட்டுமா என்ற கேள்வியை ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் 1967இல் எழுப்பினார். தத்துவத்துக்கு அருமையான கேள்வி. அந்த ஆறு பேருக்கும் பெயர்கூட இல்லை என்பதால் அது அப்படியே கதை ஆகிவிடாது. அந்த ஒருவரிடம் தடம் மாற்றுபவர் பட்ட கடன் ஏதாவது இருக்க வேண்டும்.

எனக்கு இதில் பாடம் கம்பனின் கும்பகர்ணன்தான். சீதையைக் கவர்ந்தது தவறு என்று அண்ணனிடமே சொல்கிறான். போர்க்களத்தில் விபீடணன் வந்து இராமன் பக்கம் அழைக்கும்போதும் மறுக்கிறான். இத்தனை காலம் வளர்த்துப் போருக்கு அனுப்பியவனுக்காக உயிரை விடாமல் வரமாட்டேன் என்கிறான். தம்பியைத் திட்டுவதும் இல்லை, நீ அங்கேயே இரு என்கிறான். ஒரே இக்கட்டு, இரண்டு சகோதரர்கள், இரண்டு விடைகள். இருவரையுமே நம்மால் வெறுக்க முடிவதில்லை. ஒருவர் என்ன முடிவெடுக்கிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரிகிறது. பக்கம் பக்கமாகக் குணத்தை வர்ணிக்கத் தேவையில்லை.

அப்புறம், கடைசி நேரத்தில் மூன்றாவது கதவு ஒன்றைத் திறந்துவிடாதீர்கள். முதலாளி மனம் மாறி எல்லோரையும் மன்னிப்பது, தொலைந்த ஆவணம் கிடைப்பது எல்லாம் வாசகரை ஏமாற்றும் வேலை. எனக்கும் கை அரித்தது. தம்பியைத் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து ஒரு முடிவு எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.

முடிவெடுத்ததோடு நிறுத்தாமல் மறுநாளையும் எழுதிப் பாருங்கள். என் கதையில் அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை காசாளர் நன்றி சொல்ல அவள் மேசைக்கு வருகிறார். யாரைக் காட்டிக்கொடுத்து அவரைக் காப்பாற்றினாள் என்பது அவருக்குத் தெரியாது. "உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாராவது உண்டா?" என்று சாதாரணமாகக் கேட்கிறார்.