ராகித்தாளைக் கழிவு என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் என்னுடையது. கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். ஹரியானாவின் பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். நம் பக்கமும் ராகித்தாள், கடலைக்கொடி, மாங்கொட்டை என்று எவ்வளவோ விவசாயக் கழிவு வீணாகிறது. இங்கே அப்படி ஒரு ஆலை தொடங்க முடியுமா? மேற்படிப்புக்கு வெளிநாடு போவது நல்லதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மேற்படிப்பை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். ‘வீணாகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். இதையே கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பென்னாகரத்துப் பிள்ளை ராகித்தாளைக் கழிவு என்று எழுதலாமா? உங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தீவனத்துக்குத் தாளைப் போராக அடுக்கிவைத்துப் பார்த்ததே இல்லையா?

நான் ஏழாவது படித்த வருஷம் மழை இல்லை. கடன்காரர் நெருக்கியதால் அப்பா போரை அப்படியே ஒரு வியாபாரிக்கு விற்றார். ஒரே நாளில் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மாசி வந்தபோது மாட்டுக்குப் போட ஒன்றுமில்லை. அம்மா காடு காடாகப் போய்த் தழை ஒடித்து வந்தார். சித்திரையில் கறவை மாட்டைப் பாதி விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டு, அப்பா கயிற்றை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

பானிப்பட் கதை வேறு தம்பி. அந்த ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அங்கே அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்திவிடும் வைக்கோல் அது. கொளுத்துவதை எடுத்து எரிபொருளாக்கினால் புண்ணியம். இங்கே தாளைக் கொளுத்துகிற ஒருவரையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொன்றும் உண்டு. ஆலையில் முதலில் அமிலமும் நீராவியும் கொடுத்து, நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளின் பிடியைத் தளர்த்த வேண்டும். அப்புறம் நொதி (என்சைம்) சேர்த்து, அந்த நாரான செல்லுலோசைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்தச் செல்லுலோசைத் தாமே உடைத்துக்கொடுக்கின்றன. பாலும் சாணமும் தருகிற ஆலை ஏற்கெனவே உங்கள் தொழுவத்தில் நிற்கிறது. அதன் தீவனத்துக்குப் போட்டியாக நீங்கள் போகாதீர்கள். கடலைக்கொடிக்கும் இதேதான்.

மாங்கொட்டை என்று எழுதினீர்களே, அது சரி. அங்கே நான் உங்கள் பக்கம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழ சீசனில் கொட்டை மலைபோலக் குவியும். ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை. எந்த மாடும் அதை நம்பியில்லை. ஆனால் அதிலும் எத்தனாலுக்கு ஓடாதீர்கள். உள்ளே இருக்கும் பருப்பின் கொழுப்பு கோகோ வெண்ணெய்க்கு நெருக்கமானது. ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் அதுவும் ஒன்று. பழத்தோலில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் இருக்கிறது. கொட்டையின் மேல் ஓடு கொதிகலனில் எரிக்க உதவும். எரிக்கிற வேலை கடைசியில் வரட்டும்.

சிக்கல் ஈரம்தான். கொட்டையை ஈரத்தோடு போட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு காறிவிடும். சீக்கிரம் உடைத்து, சீக்கிரம் காயவைக்க மலிவான வழி ஒன்று கண்டுபிடியுங்கள். ஜூனில் வாருங்கள், ஆலை வாசலில் சொல்லி ஒரு மூட்டை கொட்டை எடுத்துவைக்கிறேன்.