பெரிய நகரம் பிடிக்கவும் செய்கிறது, அலுக்கவும் செய்கிறது: அங்கே குடிபோகலாமா?

கேள்வி: பெரிய நகரத்துக்குப் போனால் முதல் நாள் உற்சாகமாக இருக்கிறது. மூன்றாம் நாள் ஓடி வந்துவிடலாம் போல் ஆகிவிடுகிறது. திரும்பி வந்து ஒரு வாரம் ஆனதும் மனசு மறுபடி அங்கேயே போகிறது. இப்போது வேலை விஷயமாக அங்கே குடியேற வேண்டிய நிலை. இந்த இரட்டை மனசோடு போகலாமா?

பதில்:

மூன்று நாள் போய் வந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். போகலாம் என்று எடுத்தாலும் சரி, வேண்டாம் என்று எடுத்தாலும் சரி, அது தப்பாகப் போகத்தான் வாய்ப்பு அதிகம். விருந்தாளி பார்க்கிற நகரம் வேறு, குடியிருப்பவர் பார்க்கிற நகரம் வேறு.

விருந்தாளி நகரத்தின் நடுவில் தங்குவார். கூட்டம் வடிந்த பிறகு முற்பகலில் கிளம்புவார். துணி துவைக்க வேண்டாம், குழாய் ஒழுகுகிறது என்று யாரையும் கூப்பிட வேண்டாம், கையில் செலவழிக்கவென்றே ஒதுக்கிய பணம் இருக்கும். அதனால் நகரம் உள்ளதைவிட இனிக்கும். அதே ஆள் ஒரே நாளில் ஆறு இடத்தைச் சுற்றப் பார்ப்பார், எந்த வாசலில் இறங்குவது என்று தெரியாமல் தடுமாறுவார். அதனால் உள்ளதைவிடக் கசக்கவும் செய்யும். மக்கள்தொகை கூடக் கூட ஆட்களின் நடைவேகமும் கூடுகிறது என்று 1976-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். தெரியாத இடத்தில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தாலே கால் ஓய்ந்துவிடும்.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிடக் குறைவாகவே அயர்கிறது என்று 2016-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. காவல்காரன் மாதிரி ஒரு பக்கம் அரைக்கண் திறந்தே இருக்கிறது. ஆகவே முதல் இரண்டு இரவுத் தூக்கத்தை வைத்து நகரத்துக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

முடிந்தால் ஒரு ஒத்திகை பாருங்கள். குறைந்தது 10 நாள், அதில் ஒரு முழுத் திங்கட்கிழமையும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். தங்குவது நடுவில் வேண்டாம், நீங்கள் உண்மையில் வாடகை கொடுக்கக்கூடிய பகுதியில் தங்குங்கள். சமைப்பது, துவைப்பது, சாமான் வாங்குவது எல்லாம் அங்கேயே. வேலை இடத்துக்கு வேலை நேரத்தில் போய்த் திரும்புங்கள், உள்ளே நுழையாவிட்டாலும் பரவாயில்லை. சுற்றிப் பார்க்கும் இடம் எதற்கும் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை ஒரு திட்டமும் இல்லாமல் காலியாக விடுங்கள். ஒருவர் நகரத்தில் தாக்குப்பிடிப்பாரா என்பது அந்த நாலு மணி நேரத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

இனி, நகரம் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று மொத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டு உதிரி உதிரியாகப் பிரிக்கலாம். என் பார்வையில் கசப்பில் பெரும்பங்கு பயணத்திலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வருகிறது. இரண்டும் நகரத்தின் குணம் என்பதைவிட, நீங்கள் பிடித்த வீட்டின் குணம்.

பயணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து வேலை மேசையில் உட்காரும்வரை 75 நிமிடம் என்று வையுங்கள். போக வர 150 நிமிடம். மாதம் 22 வேலை நாளுக்கு 55 மணி நேரம். அதே கணக்கில் 30 நிமிடத் தூரத்தில் வீடு இருந்தால் 22 மணி நேரம். வித்தியாசம் 33 மணி, அதாவது மாதத்தில் நாலு வேலை நாளுக்கு மேல். இப்போது இரண்டு வீட்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள், கிட்ட இருக்கும் வீட்டால் மிச்சமாகும் பயணச் செலவைக் கழியுங்கள், வருவதை 33-ஆல் வகுங்கள். ஒரு மணி நேரத்தை நீங்கள் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்பது அதுதான். உங்கள் கைக்கு வரும் சம்பளத்தையும் மணிக்கணக்கில் வகுத்து, அதில் பாதியோடு ஒப்பிடுங்கள். வாங்கும் விலை அந்தப் பாதிக்குக் கீழே இருந்தால், தூரத்து வீடு மலிவு என்பது வெறும் தோற்றம்.

பலர் இதில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நீண்ட பயணத்தின் அலுப்பைச் சம்பளமோ நல்ல வீடோ சரிக்கட்டிவிடும் என்று நினைப்பது இயல்பு. புரூனோ ஃபிரை, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தபோது அப்படிச் சரிக்கட்டவில்லை; பயணம் நீள நீள வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டேதான் போனது. பெரிய வீட்டுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடுவோம். ஒவ்வொரு நாளும் வேறு மாதிரித் தாமதமாகிற பயணத்துக்குப் பழகுவது கடினம்.

வரைபடச் செயலி காட்டும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். லிஃப்டுக்குக் காத்திருப்பது, நிலையத்துக்குள் இறங்கி நடப்பது, சோதனை வரிசை, முதல் வண்டியில் ஏற முடியாமல் அடுத்ததுக்கு நிற்பது எல்லாம் அதில் ஒழுங்காக வராது. வேலை நாளில், வேலை நேரத்தில், மூன்று முறை போய்ப் பார்த்து, மூன்றில் மோசமான நேரத்தைக் கணக்குக்கு எடுங்கள்.

வண்டி மாறுவது இருக்கிறதே, அது தனிச் சங்கடம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அட்டவணை சொல்லும். சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். ஆனால் நெரிசலில் ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால், நிறுத்தத்தில் அதற்குள் ஆள் கூடிவிடும். எல்லாரையும் ஏற்றுவதில் இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆளில்லை, விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டிரண்டாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், ஓடுகிற பஸ்ஸின் எண்ணிக்கை அதேதான், சராசரிக் காத்திருப்பு மட்டும் 10 நிமிடமாகிவிடும். ‘அடிக்கடி பஸ் உண்டு’ என்று வீட்டுக்காரர் சொல்வது பொய்யல்ல. நீங்கள் நிற்பதும் பொய்யல்ல. ஆகவே இரண்டு மாற்றத்தோடு 45 நிமிடம் ஆகிற வழியைவிட, மாற்றமே இல்லாத 55 நிமிட வழியை எடுங்கள். உட்கார இடம் கிடைக்கிற நிலையம் என்றால் இன்னும் மேல்.

அடுத்தது சத்தம். சாலைப் போக்குவரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரைத்த வரம்பு, வீட்டுச் சுவருக்கு வெளியே நாள் முழுவதற்கும் சேர்த்து 53 டெசிபெல், இரவுக்கு 45. பெருநகரத்தின் பிரதான சாலையோரத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே பகுதியில் ஒரு தெரு உள்ளே தள்ளிப் பிடித்தால் நிலைமை மாறும், அதுவும் வெறும் தூரத்தால் அல்ல. வண்டிகள் இடைவிடாமல் ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் குறையும், காதுக்கு அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். குறுக்கே நிற்கும் கட்டட வரிசைதான் சத்தத்தைத் தடுக்கிறது. அதனால் ‘ஏழாவது மாடி, சத்தமே வராது’ என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். உயரம் ஏற ஏற தூரம் சிறிதுதான் கூடும். குறுக்கே இருந்த மறைப்புப் போய்விடும்.

வீடு பார்க்கப் பகல் 11 மணிக்குப் போகாதீர்கள். இரவு 10-க்கு ஒருமுறை, விடியற்காலை 5-க்கு ஒருமுறை போய், படுக்கையறையில் சன்னலைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். சன்னல் சட்டத்தின் ஓரமாகப் புறங்கையைக் கொண்டுபோங்கள். காற்று படுகிற இடத்தில் சத்தமும் நுழையும். சன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே போதும், கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. ஆகவே இரட்டைக் கண்ணாடிக்குச் செலவழிக்கும் முன், விளிம்பில் ஒட்டும் ரப்பர் பட்டையை வாங்கி இடைவெளியை அடையுங்கள். அது பிடிக்க வேண்டுமானால் சட்டத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும். தூசி மேல் ஒட்டியது சீக்கிரமே உரிந்து தொங்கும். போனில் உள்ள சத்தமானி சரியான அளவைத் தராது, இரண்டு வீட்டை ஒப்பிட மட்டும் உதவும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகரங்களின் மக்கள்தொகை இரட்டித்தால் தலைக்கு வரும் சம்பளம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்று 2007-இல் லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே கணக்கில் குற்றமும் சில தொற்றுநோய்களும் கூடின என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். இது நகரத்துச் சராசரி, உங்களுக்கு வரும் சம்பளக் கடிதம் அல்ல. வாடகை, முன்பணம், பயணம், ஊருக்குப் போய்வரும் செலவு நாலையும் கழித்த பிறகு மிஞ்சுவது இப்போதைவிடக் கூடுதலா என்று பாருங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் படபடப்பு அடங்கும்.

மனிதர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். ‘நகரத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை’ என்பது பழைய புகார். ஜெர்மன் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் 1903-லேயே இதற்குக் காரணம் சொல்லிவிட்டார்: எதிர்ப்படுகிற எல்லாருக்கும் மனசைத் திறந்தால் ஆள் தாங்கமாட்டார், ஒட்டாமல் இருப்பது ஒரு கவசம். 1970-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் அதையே சுமைக் கணக்காகச் சொன்னார். உள்ளே வரும் செய்தி அளவுக்கு மிஞ்சும்போது ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேரத்தைக் குறைக்கிறோம். பக்கத்து இருக்கைக்காரர் உங்களைப் பார்க்காமல் இருப்பது உங்கள் மேல் உள்ள வெறுப்பு அல்ல. கொஞ்ச நாளில் நீங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நட்புக்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை ஓரளவு எண்ணியே சொல்லலாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்றே சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் 2 மணி நேரம் சந்திக்கிற ஒரு குழுவில் சேர்ந்தீர்கள் என்றால் 50 மணி நேரத்துக்கு 25 வாரம். மூன்றாம் மாதக் கடைசியில் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள். ‘மூன்று மாதமாகியும் ஒரு நண்பர்கூட இல்லை’ என்று மூட்டை கட்டுகிறவர்கள் கணக்கு முடியும் முன்பே கிளம்புகிறார்கள்.

அதற்குச் செய்யக்கூடியது: ஒரே குழு, ஒரே கிழமை, ஒரே நேரம், வீட்டிலிருந்து 15 நிமிட நடைக்குள். விளையாட்டோ வாசிப்போ எதுவானாலும் சரி, ஆனால் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிற இடமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு புது நிகழ்ச்சிக்குப் போவது பொழுதுபோக்கு. அதில் மணிக்கணக்கு எந்த ஒருவரிடமும் சேராது. ஒவ்வொரு வாரக்கடைசியும் ஊருக்கு ஓடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். முதல் ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு வீடு மாற்றினாலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்துதான்.

தூக்கமின்மை சில வாரம் தொடர்ந்தாலோ, கூட்டத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினாலோ, அதை நகரம் பழகாத கோளாறு என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

குடியேறிய பிறகு 30 நாள் ஒரு குறிப்பேடு வையுங்கள். அன்றைக்கு எரிச்சல் வந்த விஷயத்தை ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்: வீட்டால் வந்தது ‘வீ’, பயணத்தால் வந்தது ‘ப’, வேலையால் வந்தது ‘வே’, நகரத்தாலேயே வந்தது ‘ந’. மேல் வீட்டு நாற்காலி இழுபடும் சத்தம் ‘வீ’. அதிகாரியின் இரவு நேர அழைப்பு ‘வே’. அது எந்த ஊரிலும் வரும். எங்கே திரும்பினாலும் ஆள் என்று அலுத்துப்போனால் அது ‘ந’. கடைசியில் எண்ணிப் பாருங்கள். ‘வீ’யும் ‘ப’வும் மிகுந்தால் நகரத்தை விடாமல் வீட்டை மாற்றுங்கள். ‘வே’ மிகுந்தால் ஊருக்குத் திரும்பியும் பயனில்லை. ‘ந’ மிகுந்தால் இந்த அளவு நகரம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள சிறு நகரத்தில் வீடு பிடித்து, வாரம் இரண்டு நாள் மட்டும் வந்துபோக வேலையிடத்தில் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணுகிற நாளை மட்டும் ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாளாக வைக்காதீர்கள். அன்றைக்கு எல்லா வரியும் ‘ந’ என்றுதான் கண்ணுக்குப் படும்.