பிராங்கோவுக்குப் பிறகு ஸ்பெயினின் வெளியுறவுக் கொள்கை எப்படி மாறியது?

சுருக்கமாகச் சொன்னால், ஒதுங்கிக் கிடந்த நாடு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 1975 நவம்பரில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தார். 1977-இல் சோவியத் ஒன்றியத்துடனும், அதுவரை (உள்நாட்டுப் போரில் பிராங்கோவிடம் தோற்று) நாடுகடந்து இயங்கிய குடியரசு அரசையே அங்கீகரித்து வந்த மெக்சிகோவுடனும் தூதரக உறவு ஏற்பட்டது. அதே ஆண்டு தேர்தல் முடிந்த கையோடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர விண்ணப்பம் போனது. சர்வாதிகாரம் நீடித்தவரை அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஆனாலும் உள்ளே போக 1986 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலை அங்கீகரித்ததும் அந்த மாதம்தான்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது, அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் கதை. 1982 மே மாதம் பிரதமர் கால்வோ சொத்தேலோவின் அரசு ஸ்பெயினை அதில் சேர்த்தது. எதிர்க்கட்சியான சோசலிஸ்ட் கட்சியின் தலைவர் பெலிப்பே கொன்சாலஸ் கடுமையாக எதிர்த்தார், பொதுவாக்கெடுப்பு நடத்துவேன் என்றார். அந்த அக்டோபரில் அவரே ஆட்சியைப் பிடித்தார். 1986 மார்ச்சில் சொன்னபடி வாக்கெடுப்பும் நடத்தினார். ஆனால் இப்போது அவர் கேட்டது "இருப்போம்" என்ற வாக்கு! ஸ்பெயின் மண்ணில் அணு ஆயுதம் கூடாது, நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவக் கட்டளை அமைப்பில் சேர மாட்டோம், நாட்டிலுள்ள அமெரிக்கப் படைகள் குறைக்கப்படும் என்ற நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டார். சுமார் 52 சதவீத ஆதரவில் தப்பினார். பிராங்கோ காலத்தில் இப்படி ஒரு கேள்வி மக்களிடம் வந்தே இருக்காது.