3 வயசு பிள்ளைக்கு ஸ்கூல்ல எழுத்து சொல்லித் தராம விளையாட மட்டும் விடுறாங்க, இது சரியா?

சரிதாங்க, பயப்படாதீங்க. 3 வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா உருவாகியிருக்காது, விரல் தசைக்கும் பலம் பத்தாது, அப்போ பென்சிலை கையில திணிச்சு 'அ' எழுது 'ஆ' எழுதுன்னா பிள்ளைக்கு கை வலியும் வெறுப்பும்தான் மிஞ்சும். அதே பிள்ளை ஈர மண்ணைப் பிசையுது, இலையைக் கிழிக்குது, புளியங்கொட்டையைப் பொறுக்கி கிண்ணத்துல போடுதுன்னு வைங்க, பின்னாடி பென்சில் பிடிக்கிறதுக்கு வேண்டிய விரல் பலம் அதுலயே வந்துடும், கூடவே எது பெருசு எது சின்னது, இதுல எத்தனை அதுல எத்தனைன்னு கணக்கும் ஆரம்பிச்சுடும். (கொட்டையை வாயில மூக்குல போட்டுக்குற வயசு, பெரியவங்க யாராவது பக்கத்துலயே உக்காந்திருக்கணும்.)

தண்ணி விளையாட்டும் அப்படித்தான்: உயரமான டம்ளர் தண்ணியை அகலமான கிண்ணத்துல ஊத்தினா குறைஞ்ச மாதிரி தெரியும், ஆனா அளவு அதேதான். இதை வாயால சொன்னா சின்னப் பிள்ளைக்குப் புரியாது, பல தடவை ஊத்தி ஊத்திப் பார்த்துத்தான் புரியும்.

இது புது ஃபேஷனும் இல்ல. ஜெர்மனில ஃப்ரோபெல்ங்கிற கல்வியாளர் 1837லயே விளையாட்டை வச்சு சின்னப் பிள்ளைங்களுக்கு பள்ளி ஆரம்பிச்சார், கிண்டர்கார்டன்ங்கிற பேரே அவர் வச்சதுதான். ஃபின்லாந்துல முறையான பள்ளிப் படிப்பு 7 வயசுலதான் தொடங்குது. நம்ம நாட்டோட 2020 கல்விக் கொள்கையும் 3ல இருந்து 8 வயசு வரை விளையாட்டு வழிதான்னு சொல்லுது.

ஸ்கூல்ல நீங்க கேக்க வேண்டியது வேற: தினம் எவ்வளவு நேரம் வெளியில விடுறீங்க, டீச்சர் பிள்ளைங்களோட உக்காந்து பேசுறாங்களா, கதை சொல்றாங்களா? சும்மா விட்டுட்டு போனை நோண்டிக்கிட்டு இருந்தா மட்டும் ஸ்கூலை மாத்துங்க.