அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டும் நேரம்

கேள்வி: டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனாலும் செல் அதைச் சீர்செய்துவிடும் என்றும், அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்றும் படித்தேன். எந்த வழி என்பதைச் செல் எப்படித் தீர்மானிக்கிறது?

பதில்: செல் வளர்ந்து, டி.என்.ஏ.வை இரட்டித்து, இரண்டாகப் பிரிவது ஒரு சுழற்சி; அறுபட்ட நேரத்தில் அது அந்தச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அந்தத் தீர்மானம் அமைகிறது. முதலில் நடப்பது எச்சரிக்கை. ஏடிஎம் என்னும் நொதி, வழக்கமாக இரண்டிரண்டாகப் பிணைந்து செயலற்றுக் கிடக்கும். இழை அறுந்ததும் அந்த இணை பிரிந்து விழித்துக்கொண்டு, அறுந்த இடத்தின் இருபுறமும் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பாஸ்பேட் என்னும் சிறு வேதிக்குழுவை அடையாளமாகப் பதிக்கிறது. பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேலும் பரவக்கூடிய அந்த அடையாளமே மற்றப் புரதங்களை அங்கே வரவழைக்கிறது. அதே ஏடிஎம், பி53 புரதத்தின் மூலம் செல் பிரிவதையும் நிறுத்தி வைக்கிறது.

அடுத்தது வழியைத் தேர்வது. அறுந்த முனைகளை 'கு' என்னும் புரதம் பற்றிக்கொள்ள, லிகேஸ் 4 என்னும் நொதி அவற்றை நேரடியாக ஒட்டிவிடுவது ஒரு வழி. இது விரைவானது, ஆனால் ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் தொலையவோ கூடவோ செய்யலாம். பழுதில்லாத மற்றொரு நகலைப் பார்த்து, அதன்படியே எழுதிக்கொள்வது மற்றொரு வழி; பிழை மிகக் குறைவு என்றாலும், அதற்கான நகல், டி.என்.ஏ. இரட்டித்த பிறகுதான் கிடைக்கும். நகல் வந்துவிட்டதா என்பதை நேரில் பார்க்க வழியில்லாத நிலையில் செல் கையாளும் உபாயம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் சைக்ளின் சார்ந்த கைனேஸ் நொதிகளே, சிடிஐபி என்னும் புரதத்தின் மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அப்போதுதான் அது மற்ற நொதிகளுடன் சேர்ந்து அறுந்த முனையில் ஓர் இழையை மட்டும் அரித்து, மற்றதை வெறுமையாக நிற்கவிடுகிறது. நெடுந்தூரம் அரிக்கப்பட்ட முனையை 'கு' பற்ற முடியாது என்பதால், அதன்பின் நேரடியாக ஒட்டும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

இரட்டிப்புக்கு முன்னர் முனையை அரிக்கவிடாமல் காப்பது 53பிபி1 என்னும் புரதம். நகல் வந்த பிறகு அதை விலக்குவது பிஆர்சிஏ1. வெறுமையான இழையில் ராட்51 புரதத்தை அமர்த்தி, பொருந்தும் நகலைத் தேட வைப்பது பிஆர்சிஏ2. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய இந்த இரண்டில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு ஏன் கூடுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்: பிழையற்ற வழி கைவிட்டுப்போக, செல் பிழை மிகுந்த வழிகளையே நம்ப நேர்கிறது.

கேள்வி: அப்படியானால், சீர்செய்யும் புரதங்கள் எப்போதும் முழுவீச்சில் இயங்கினால் நல்லதுதானே?

பதில்: இல்லை, அது பெருங்கேட்டில் முடியும். குரோமோசோமின் இயல்பான நுனியும் ஒரு டி.என்.ஏ. முனைதான். டீலோமியர் என்னும், திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடரும் அதைப் போர்த்திய புரதங்களும்தான் அதை அறுந்த முனையிலிருந்து வேறுபடுத்திக் காட்டுகின்றன. செல் பிரியும்போது அந்தப் பாதுகாப்பு தளர்கிறது. ஆகவே அந்த நேரத்தில் செல், அறுந்த இடத்தில் அடையாளத்தை மட்டும் இட்டுவிட்டு, 53பிபி1 அங்கே வந்து சேராதபடி அதன் மீதே பாஸ்பேட்டை ஏற்றி, ஒட்டும் வேலையைத் தள்ளிப்போடுகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரியும் செல்களில் இந்தத் தடையை வேண்டுமென்றே நீக்கியபோது, டீலோமியர்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டிய குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பிரிக்கும்போது அவை வேறு இடங்களில் அறுபட நேரும். அதைவிட, அறுந்த இழையைச் சேய்ச் செல்லிடம் அப்படியே ஒப்படைத்து, பிரிவு முடிந்த பின் அங்கே ஒட்டிக்கொள்வது செல்லுக்குக் குறைந்த இழப்பு.