பழைய மூக்குக்கண்ணாடிகளை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில், என்னுடையதும் காலமான என் தந்தையுடையதுமாக ஏழெட்டு மூக்குக்கண்ணாடிகளும் இரண்டு கூலிங் கிளாஸ்களும் கிடக்கின்றன. தூக்கி எறிய மனம் வரவில்லை. யாருக்காவது கொடுத்தால் உண்மையிலேயே பயன்படுமா?

பதில்: பயன்படும், ஆனால் எல்லாமே பயன்படும் என்று எண்ணிவிட வேண்டாம். நன்கொடையாக வந்த கண்ணாடிகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 100க்கு 7 மட்டுமே அணியத் தக்கவை என்று கண்டது. மனத்தை வருத்தும் கணக்குதான் இது. எனினும், கொடுக்கும் முன் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வேண்டியதன் அவசியத்தை இது உணர்த்துகிறது.

ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பார்வை விழும் நடுப்பகுதியில் கீறல் இருந்தாலோ, மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தாலோ, அதைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மட்டும் படிந்திருந்தால், சோப்பு நீரும் மெல்லிய பல் துலக்கியும் போதும்.

வெள்ளெழுத்துக்காக அணியும், இரு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடிகளுக்கு ஆள் கிடைப்பது எளிது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பார்வையைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் உள்ளவை அப்படியல்ல. பவரோடு அதன் அச்சுக் கோணமும், இரு கருவிழிகளுக்கு இடையிலான தூரமும் ஒத்துவந்தால்தான் இன்னொருவருக்குப் பொருந்தும். ஆகவே, தெரிந்தவர் கேட்டார் என்று நேரடியாகக் கொடுத்துவிடாமல், பல நாடுகளில் பழைய கண்ணாடிகளைத் திரட்டிவரும் அரிமா சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஒப்படையுங்கள். அங்கே அவற்றைக் கழுவி, லென்சோமீட்டரில் பவரை அளந்து, வகை பிரித்து, கண்ணைப் பரிசோதித்த பிறகே வழங்குகிறார்கள். உங்களிடம் பழைய மருந்துச் சீட்டு இருந்தால் பவரைத் துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

கூலிங் கிளாஸைப் பொறுத்தவரை, அது புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று கண்ணாடிக் கடையில் சோதித்த பிறகே கொடுங்கள். கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கருவிழியின் நடுவிலுள்ள துளையான பாப்பாவை விரியச் செய்து கூடுதல் கதிரை உள்ளே விடக்கூடும் என்பதால், வெறுங்கண்ணைவிடவும் அது கெடுதலாகலாம்.

தேறாதவற்றில் உலோக ஃபிரேம்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். பிளாஸ்டிக் லென்ஸ்களில் பெரும்பாலானவை உருக்கி மறுவார்ப்பு செய்ய முடியாத வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பிற பிளாஸ்டிக்குடன் கலக்காதீர்கள்.

தந்தையின் கண்ணாடி ஒன்றையேனும் தனியே எடுத்து வையுங்கள். ஃபிரேம் உறுதியாக இருந்தால், அதில் உங்கள் பவருக்குப் புதிய லென்ஸ் பொருத்தித் தரச் சொல்லி நீங்களே அணிந்துகொள்ளலாம்.